திங்கட்கிழமையே போட்ட ஆப்சென்ட்

மணியக்காவுக்கு மன்னிக்கத் தெரியாது. இதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். "மறதி வேற, மன்னிப்பு வேற. எனக்கு ரெண்டும் வராது" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டாள்.

ஆரம்பப் பள்ளியில் அவளுக்கு மூன்று வேலை. பூட்டைத் திறந்து கூட்டிப் பெருக்க வேண்டும். தண்ணீர் டிரம்மை நிரப்ப வேண்டும். வராந்தாவில் தொங்குகிற தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்து மணி சொல்ல வேண்டும். பிள்ளைகள் மணியக்கா, மணியக்கா என்று கூப்பிட்டு ஊருக்கே அவள் மணியக்கா ஆகிவிட்டாள். அவள் அடிக்கிற மணி மணி அடிப்பது போலவே இருக்காது, யாரையோ அடிப்பது போல இருக்கும். யாரை என்று அவளுக்குத் தெரியும். உள்ளே தலைமையாசிரியர் நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரிய சாரைத்தான்.

ஊருக்கு மேலே, ஓடையைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு அப்பால் இருக்கிறது காட்டுக் குடியிருப்பு. மணியக்கா அந்த இடத்துக்காரி. இந்த மண்ணில் முதலில் கால் வைத்தவர்கள் அவர்கள்தான். ஊர் பிறகு வந்தது, தோட்டம் அதற்குப் பிறகு வந்தது, வேலி எல்லாவற்றுக்கும் பிறகு வந்தது. ஆனால் ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டால் காட்டாளுங்கதான் நேற்று மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்கள் என்று நினைக்கத் தோன்றும். வீட்டில் பேசுகிற பாஷை வேறு, பள்ளிக்கூடத்துப் பாஷை வேறு. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் வாயைத் திறக்கவே ஆறு மாதம் ஆகும். திறந்த பிறகு மூடவைப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் மணியக்கா மூன்றாம் வகுப்பு. பெரிய சார் அப்போது வெறும் சார்தான், மீசை கறுப்பு. ஒரு நாள் காலையில் அவர் அவளை வாசலிலேயே நிறுத்தினார். "உன் பேரு இல்ல. வீட்டுக்குப் போ" என்றார். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாகச் சொல்கிற பிள்ளை. பேர் எங்கே போயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் அவள் அப்பா வந்து வாசற்படிக்குக் கீழே கை கட்டிக்கொண்டு நின்றார். "வராத பிள்ளைக்குப் பேரு எப்படி இருக்கும்? ஒரு மாசமா ஆப்சென்ட். நீயே பாரு" என்று சார் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சிவப்பு தெரிய எழுத்து எதற்கு?

வீட்டுக்கு வந்து விறகு கட்டுகிற கயிற்றை எடுத்தார். "எங்கடி போய்ச் சுத்தின?" என்று ஒரு அடி. "போனேன்ப்பா, தினமும் போனேன்" என்றதற்கு இன்னொரு அடி. எத்தனை தடவை போனேன் என்றாளோ அத்தனை அடி. "அவ்வளவு படிச்சவரு பொய் சொல்லுவாராடி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அடுத்த வாரத்திலிருந்து தோட்டத்தில் களை எடுக்கப் போனாள். அடி ஆறிவிட்டது. ஆறாதது வேறு. அப்பா கடைசி வரைக்கும், யாராவது வீட்டுக்கு வந்தால், "இவ சின்ன வயசுலயே பெரிய பொய்க்காரி" என்று செல்லமாகச் சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சிரித்துக்கொண்டேதான் பதினொரு வருஷத்துக்கு முன் செத்துப்போனார்.

ஆறு வருஷத்துக்கு முன் பழைய மணிக்காரர் ஓய்வு பெற்றபோது மணியக்கா போய் வேலை கேட்டாள். பெரிய சார் ஏற இறங்கப் பார்த்தார். "ஆளு வாட்டசாட்டமாத்தான் இருக்க. டிரம்மு தூக்குவியா?" என்றார். அடையாளமே தெரியவில்லை அவருக்கு. அவளோ வேலைக்காக வரவில்லை, கணக்குத் தீர்க்க வந்தாள்.

எப்படித் தீர்ப்பது என்று முதலில் தெரியவில்லை. அவர் நாற்காலியை மட்டும் துடைக்காமல் விட்டாள். ஆட்டம் கண்ட நாற்காலிக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த மரச் சக்கையைப் பிடுங்கி எறிந்தாள். அவர் வெள்ளை வேட்டியில் தூசியோடு ஆடிக்கொண்டே ஆறு மாதம் உட்கார்ந்திருந்தார். நாள் போகப்போக அதில் ருசி இல்லை. மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கவா வந்தோம் என்று தோன்றிவிட்டது.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஒன்பது மணிக்கு அவள் மணி அடிக்கிறாள். ஒன்பது பத்துக்கெல்லாம் பதிவேடு மேஜை டிராயருக்குள் போய்ப் பூட்டு விழுகிறது. காட்டுக் குடியிருப்புப் பிள்ளைகள் ஒன்பதே காலுக்குத்தான் மூச்சு வாங்க வந்து சேர்கிறார்கள். தோட்டத்துக் கேட்டைத் திறப்பதே எட்டரைக்கு. அங்கிருந்து முக்கால் மணி நேர நடை. மணியக்கா விடியுமுன்பே சுற்று வழியில் இறங்கிவிடுகிறவள், சின்னக் கால்களுக்கு அது ஆகாது. ஆக, பிள்ளைகள் நாள் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏட்டில் மட்டும் வரவில்லை. மணியக்காவுக்குப் பொறி தட்டியது. 'அட பாவி, இப்படித்தான் என்னையும் முடிச்சியா?' என்று கம்பியைப் பிடித்தபடி வராந்தாவிலேயே நின்றுவிட்டாள்.

நேராகப் போய்ச் சாரோடு சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் வேலை போயிருக்கும், சிவப்பு போயிருக்காது. அவள் கேட்டைப் பிடித்தாள். கேட்டுக்காரர் கும்பகர்ணனுக்குச் சித்தப்பா முறை. முதலாளி உத்தரவு எட்டரை என்றுதான் எல்லாரிடமும் சொல்வார். முதலாளியின் டிரைவரை விசாரித்தால் உத்தரவு ஏழு மணி என்று தெரிந்தது. இந்தப் பள்ளி ஆண்டின் முதல் நாள், மணியக்கா பள்ளிக்கூடத்துக் கம்பியோடு ஏழு மணிக்குக் கேட்டுக்கு வந்து இரும்புக் கேட்டை அடித்தாள் பாருங்கள், தோட்டத்துக் காக்கையெல்லாம் எழுந்து பறந்தது.

கேட்டுக்காரர் போர்வையோடு ஓடி வந்தார். "பைத்தியமா உனக்கு? பள்ளிக்கூட மணியை இங்க வந்து அடிக்கிற?"

"பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூட மணிதானே அண்ணே அடிக்கணும்? முதலாளி வீட்டு வாசல்லயும் ஒருக்கா அடிச்சுக் காட்டட்டுமா?"

மூன்றாம் நாளிலிருந்து அவள் வருவதற்குள் கேட்டு திறந்து கிடந்தது. ஒன்பது பிள்ளைகளையும் ஆட்டுக்குட்டி போல முன்னால் விட்டு, பின்னால் அவள் நடந்து வருவாள். எட்டே முக்காலுக்கெல்லாம் ஒன்பதும் பெஞ்சில். 'இனி எப்படிப் போடுற சிவப்பு, பாத்துடறேன்' என்று அவள் கறுவிக்கொண்டே மணி அடித்தாள். நாலு மாதம் அந்தச் சந்தோஷத்திலேயே போயிற்று.

ஐந்தாம் மாதம் காட்டுக் குடியிருப்புக்குப் பள்ளியிலிருந்து காகிதம் வந்தது. முப்பது நாளுக்கு மேல் தொடர்ந்து வராத ஒன்பது மாணவர்களின் பெயர் வியாழக்கிழமை அதிகாரி முன்னிலையில் நீக்கப்படும், தகப்பன்மார் வந்து கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். வருகையில் சிறந்த பள்ளிக்குக் கேடயம் கொடுக்கிறார்களாம். ஒன்பது பேர் ஒழிந்தால் நூற்றுக்கு நூறு. ஓய்வு பெறுகிற வருஷத்தில் பெரிய சாருக்குக் கேடய ஆசை.

ஒன்பதில் ஒருத்தி மணியக்காவின் அக்கா மகள். நாலாம் வகுப்பு. தூக்கத்திலும் பேசுகிற பெண், அதனால் பெயரே வாயாடி. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா புருஷன் மகளைப் பார்த்த பார்வையை மணியக்கா எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

"மாமா, அவ தினமும் என்கூடத்தான் வர்றா."

"உன்கூட வர்றா, சரி. உள்ள போறாளா? நீ மணி அடிக்கப் போயிடற. சும்மாவா எழுதுவாங்க காகிதத்துல?"

"போனேன்ப்பா, தினமும் போனேன்" என்றாள் வாயாடி. மணியக்காவுக்கு முதுகு எரிந்தது.

"வியாழக்கிழமை வரைக்கும் அவ மேல கை படக்கூடாது மாமா. பட்டுச்சுன்னா இந்தக் கம்பி மாமா மச்சினின்னு உறவெல்லாம் பாக்காது."

"வியாழக்கிழமை வரைக்கும்தான். பேரு போச்சுன்னா களை எடுக்க வரட்டும். பொய் சொல்ற வாய்க்குப் படிப்பு எதுக்கு?"

மணியக்காவுக்குக் கணக்கு இடித்தது. பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள். அப்புறமும் சிவப்பு எங்கிருந்து வருகிறது? நாலு மாதமாகக் கேட்டை உடைத்துக்கொண்டு அழைத்து வந்தது எதற்கு? கோபத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

விடை மழையில் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. ஓடை பெருகிவிட்டது. புதன்கிழமை காலையில் எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்று கல்வி அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. பெரிய சார் வீட்டை விட்டே கிளம்பவில்லை. சுற்று வழியாக வந்து சேர்ந்தது மணியக்கா ஒருத்திதான், ஓடு ஒழுகுமே என்று. ஒழுகத்தான் செய்தது, அதுவும் பெரிய சார் மேஜைக்கு நேர் மேலே. டிராயர் ஊறிப் பூட்டு கழன்றுவிட்டது. பதிவேட்டை எடுத்துத் துணியால் ஒற்றிக்கொண்டே திருப்பினாள். மூன்றாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஐந்து நாளும் நிரப்பியாகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கு நீல மையில் வருகை. காட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் சிவப்பு. இன்னும் விடியாத நாளுக்கும் சிவப்பு.

பெரிய சார் பேரைக் கூப்பிட்டுப் பார்த்து எழுதுகிற ஆளே இல்லை. வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை காலை, குனிந்த தலை நிமிராமல் ஐந்து நாளையும் ஒரே இழுப்பில் எழுதிவிடுகிறார். தினமும் டிராயரைத் திறந்து மூடுவது வெறும் நாடகம். காட்டாளுங்க பிள்ளை எப்படியும் தாமதம்தானே, யார் காத்திருப்பது என்று இருபத்தேழு வயதில் ஆரம்பித்த சோம்பல், ஐம்பத்தொன்பது வயதில் நிர்வாகமாகிவிட்டது. கேட்டு எத்தனை மணிக்குத் திறந்தால் அவருக்கென்ன?

மணியக்கா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகை வந்தது. அப்புறம் புதன்கிழமைக் கட்டத்தைத் திரும்பப் பார்த்தாள். முப்பத்தொரு ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள், ஒன்பது காட்டுப் பிள்ளைகள் வரவில்லை, பள்ளிக்கூடமே இல்லாத நாளில். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் நிம்மதியாகச் சாப்பிட்ட சாப்பாடு அன்று மதியச் சாப்பாடுதான்.

வியாழக்கிழமை பெரிய சார் சலவை வேட்டியோடு வந்தார். வந்ததும் டிராயரைத் தேடினார்.

"ஏம்மா, பதிவேடு எங்க?"

"நனைஞ்சிடுமேன்னு அலமாரில வச்சேன் சார். சாவி எங்கயோ வச்சிட்டேன், தேடித் தரேன்."

"அறிவிருக்கா உனக்கு? சீக்கிரம் தேடு!"

தேடினாள். டிரம்முக்குள் தேடினாள், துடைப்பத்துக்கு அடியில் தேடினாள், ஜன்னல் விளிம்பில் விரல் விட்டுத் தேடினாள். இடுப்பில் மட்டும் தேடவில்லை. ஒன்பதரைக்கு அதிகாரியம்மாவின் ஜீப் வந்து நின்றதும் சாவி கிடைத்துவிட்டது.

வராந்தாவில் ஒன்பது தகப்பன்மார் கை கட்டி நின்றார்கள். பக்கத்தில் ஒன்பது பிள்ளைகள். வாயாடி வாயைத் திறக்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் ஊர்ப் பெற்றோர் சிலர் கேடயத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். பெரிய சார் தொண்டையைக் கனைத்து, எத்தனை சொன்னாலும் இவர்கள் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று வருத்தமாகப் பேசினார். பேச்சில் அவ்வளவு உருக்கம். முதலைகூடக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

மணியக்கா பதிவேட்டை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இவங்களுக்கு எழுத்து தெரியாது. ரேகை வைக்கறதுக்கு முன்னாடி இந்த வாரத்தை மட்டும் சார் வாயால நாள் நாளா படிக்கச் சொல்லுங்க. பிள்ளைங்க பண்ண தப்பை அப்பன்மாரு காதால கேக்கட்டும்."

அதிகாரியம்மா தலையாட்டினார். "நியாயம்தான். படிங்க சார்."

பெரிய சாருக்கு மணியக்கா மேல் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மதிப்பு வந்திருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணீரென்று படித்தார். "திங்கள். ஒன்பது பேரும் வரவில்லை. மற்ற முப்பத்தொரு பேரும் வருகை." அக்கா புருஷன் மகளைப் பார்த்தார். "செவ்வாய். ஒன்பது பேரும் வரவில்லை. மற்ற முப்பத்தொரு பேரும் வருகை." அக்கா புருஷன் பல்லைக் கடித்தார். "புதன். ஒன்பது பேரும் வரவில்லை. மற்ற முப்பத்தொரு பேரும்..."

அங்கே நின்றுவிட்டார்.

"படிங்க சார்" என்றாள் மணியக்கா. "முப்பத்தொரு பேரும்?"

ஊர்ப் பெற்றோர் பக்கத்திலிருந்துதான் முதல் குரல் வந்தது. "நேத்து என் பையன் வீட்டுல தூங்கிட்டு இருந்தானே?" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய சார் ஆடு திருடிய கள்ளனைப் போல முழித்தார்.

"நேத்து லீவு விட்டதே நான்தான்" என்றார் அதிகாரியம்மா மெதுவாக. பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். பக்கத்தைத் திருப்ப வேண்டியே இருக்கவில்லை. "நாளைக்கும் இவங்க வரமாட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஜோசியம் பாப்பீங்களா சார்?"

"மேடம், அது வந்து... வேலைப் பளுல..."

அதிகாரியம்மா வாயாடியைக் கிட்டே கூப்பிட்டார். "இன்னைக்கு நீ வரலைன்னு போட்டிருக்காரேம்மா."

வாயாடி அப்பாவைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். "வந்திருக்கேனே மேடம். இதோ நிக்கிறேனே. நேத்துதான் வரல, அதுக்கு முந்தி தினமும் வந்தேன். நான் சொன்னா யாரு நம்புறாங்க?"

மணியக்கா விடவில்லை. இதற்காகத்தான் முப்பத்திரண்டு வருஷம். "மேடம், சார் இவங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் சொல்லணும். உன் பிள்ளை தினமும் வந்துச்சு, நான்தான் பொய் எழுதினேன்னு. ஒன்பது தடவை. இல்லன்னா இந்தப் பிள்ளைங்க வீட்டுக்குப் போனதும் அடி வாங்கும். எனக்குத் தெரியும்."

சார் சொன்னார். முதல் தகப்பனிடம் முனகினார். "காதுல விழல சார்" என்றாள் மணியக்கா. மறுபடி சொன்னார். ஒன்பதாவது ஆளிடம் வரும்போது வேட்டி நனைந்தது போல உடம்போடு ஒட்டியிருந்தது. அக்கா புருஷன் கட்டியிருந்த கையை அவிழ்த்து, மகள் தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே நின்றார். மணியக்கா அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் கோபம் கரைந்துவிடும் என்று பயம்.

கேடயம் ஜீப்பிலேயே திரும்பிப் போயிற்று. பேர் ஒன்றும் நீங்கவில்லை. அதிகாரியம்மா எழுத்தில் உத்தரவு போட்டார். இனி தினமும் காலை மணி அடித்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் கேட்டு, அப்புறமே குறிக்க வேண்டும். இந்த ஒன்பது பேரை முதலில் கூப்பிட வேண்டும். பள்ளியின் இன்னொரு ஆசிரியையான சின்ன வகுப்பு டீச்சர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

எல்லாரும் போன பிறகு பெரிய சார் அவளை அறைக்குக் கூப்பிட்டார். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்? வேலைதானே குடுத்தேன்?"

"மூணாங் கிளாஸ்ல என் பேரை அடிச்சீங்க. இதே சிவப்பு. இதே வாசல்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதுதான் அவளைக் கொன்றது. "ஞாபகம் இல்லையேம்மா. எத்தனையோ பேரு..."

"எத்தனை பேரு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மன்னிச்சிடும்மா" என்றார்.

"அதுக்கு நான் ஆள் இல்ல சார். எங்கப்பா உங்க எழுத்தை நம்பி என்னைப் பொய்க்காரின்னே நெனச்சிட்டுச் செத்துட்டாரு. முடிஞ்சா அவரை எழுப்பிச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு அவள் மணி அடித்தாள். பெரிய சார் பதிவேட்டைத் திறந்து முதல் பேரைக் கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வந்தது. அடுத்த பேர், அடுத்த குரல். வாயாடி சொன்ன "உள்ளேன் ஐயா" ஓடு வரைக்கும் போய்த் திரும்பியது. ஒன்பது பேரும் சொல்லி முடித்தார்கள். சார் பத்தாவது பேருக்கு விரலை நகர்த்தினார்.

"உள்ளேன் ஐயா."

வராந்தாவிலிருந்து வந்தது அந்தக் குரல். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சார் நிமிர்ந்தார். கையில் கம்பியோடு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிற்பது போல விறைப்பாக, மணியக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அவர் ஓய்வு பெற அப்போது இன்னும் நூற்று நாற்பத்து மூன்று வேலை நாள் இருந்தது. அதில் ஒரு நாள்கூட மணியக்கா லீவு எடுக்கவில்லை.